மின்சாரப் போர்வை: படுக்கை சூடானால் போதும்

தண்டுவடத்தில் அடிபட்டு, மார்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாமல் வாழ்கிற ஒருவர் எழுதும் விமர்சனம் இது. மின்சாரப் போர்வைகளுக்கு இணையத்தில் வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் "மெத்தென்று இருக்கிறது, சீக்கிரம் சூடாகிறது, ஐந்து நட்சத்திரம்" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. எழுதுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, கால் சுட்டால் தூக்கத்திலேயே இழுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு அந்த விவரம் போதும். நமக்குப் போதாது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆள் இல்லாத படுக்கையைச் சூடாக்கி வைக்க இது அருமையான பொருள், ஆனால் உணர்வு இல்லாத உடம்பின் மேல் போட்டுக்கொண்டு தூங்குவதற்கு வேண்டவே வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்து எந்த மாடல் வாங்கினாலும் இது மாறாது.

முதலில் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் "உங்களுக்கு எதற்கு இந்த வம்பு, இன்னொரு போர்வை போர்த்திக்கொள்ளலாமே" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் குளிர் என்னவென்று தெரியாது. உடம்பின் வெப்பத்தைச் சமன் செய்யும் உத்தரவு மூளையில் உள்ள ஹைப்போதாலமஸ் என்ற பகுதியிலிருந்து தண்டுவடம் வழியாகக் கீழே இறங்க வேண்டும். டி6 என்று மருத்துவர்கள் சொல்லும், மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டிருந்தால் உடம்பின் பெரும்பகுதிக்கு அந்த உத்தரவு போய்ச் சேருவதில்லை. குளிர்ந்தால் கீழ்ப்பகுதியில் நடுக்கம் வராது, இரத்தக் குழாய்கள் தேவைக்கேற்பச் சுருங்காது. சூடானால் வியர்க்காது. அறை எப்படியோ உடம்பும் அப்படி. அதோடு அசைவில்லாத காலில் தசை இயங்கிச் சூட்டை உண்டாக்குவதும் இல்லை. குளிர் ஏறினால் பலருக்குத் தசை இறுக்கம் கூடி, கால் உதறி, அந்த உதறலில் போர்வை விலகி, இன்னும் குளிர்ந்து, ராத்திரி முழுக்கத் தூக்கம் போய்விடும். எனவே மின்சாரப் போர்வை தேடுகிறவர்களைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சூட்டை எப்படி ஆபத்தில்லாமல் வாங்கிக்கொள்வது என்பதுதான் கேள்வி.

சரி, பொருளுக்கு வருகிறேன். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவில் பட்டை போட்டுக் கட்டி வைப்பது, இன்னொன்று மேலே போர்த்திக்கொள்வது. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். உள்ளே மெல்லிய சூடேறும் கம்பி வளைந்து வளைந்து ஓடுகிறது, ஓரத்தில் ஒரு இணைப்பு, அதிலிருந்து ஒயரும் கன்ட்ரோலரும். கன்ட்ரோலரில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அந்த எண்கள் டிகிரி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு போர்வையின் 3-ம் இன்னொரு போர்வையின் 3-ம் ஒன்றில்லை, அதே போர்வையின் 3 கூட மேலே கனமான கம்பளி போட்டால் ஒரு சூடு, திறந்து வைத்தால் வேறு சூடு. சூடு வெளியேற வழியில்லாத இடத்தில் அது தேங்கி ஏறிக்கொண்டே போகும். மடிப்பு விழுந்த இடம், முழங்கால்களுக்கு நடுவில் வைத்த தலையணையின் அடி, குதிகால் மெத்தையில் அழுந்தும் இடம் எல்லாம் அப்படிப்பட்டவை. உணர்வு இருக்கிறவர் அந்த இடத்தில் "உஸ்" என்று நகர்ந்துவிடுவார். நமக்கு அங்கே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

எவ்வளவு சூடு எவ்வளவு நேரத்தில் தோலைப் பொசுக்கும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்கேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1947-லேயே அளந்து வெளியிட்டார்கள். தீக்காயம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த அளவுகளை எடுத்துக்காட்டுகிறார்கள். தோல் 60 டிகிரி செல்சியஸில் சுமார் 5 விநாடியில் வெந்துவிடும், அது எல்லோருக்கும் புரியும். ஆனால் 44 டிகிரியே போதும், சுமார் 6 மணி நேரம் தொடர்ந்து பட்டால். 44 டிகிரியில் கையை வைத்தால் உடனே பொசுங்கிவிடாது. அந்த 44-லிருந்து 51 வரை ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் காயம் படத் தேவையான நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. 6 மணி நேரம் என்பது ஒரு ராத்திரித் தூக்கம். அதுவும் இந்தக் கணக்கு இரத்த ஓட்டம் சரியாக இருக்கும் தோலுக்கு. தோலில் ஏறும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் ஆற்றுவது இரத்தம்தான். அசையாமல் ஒரே பக்கம் படுத்திருக்கும்போது எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி அந்த ஓட்டம் தடைப்படுகிறது. சூடு இறங்க வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. இப்படி மெதுவாக வரும் காயத்தில் மேலே ஒரு சின்னச் சிவப்போ கொப்புளமோதான் தெரியும், உள்ளே ஆழமாக வெந்திருக்கும். ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகலாம், சிலருக்குத் தோல் ஒட்டு அறுவை வரைக்கும் போகும். அதுவரை அந்தப் பக்கம் படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது.

"அதுதான் தானாக அணைந்துவிடுமே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அதைத்தான். அந்த டைமர் மாடலைப் பொறுத்து 1 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரம் வரை வைக்கக்கூடியது. நல்ல வசதி, மறந்து விட்டுப் போனாலும் மின்சாரம் வீணாகாது, தீப்பிடிக்கும் அபாயம் குறையும். ஆனால் அது நேரத்தைத்தான் பார்க்கிறது, உங்கள் குதிகாலைப் பார்க்கவில்லை. அதிகச் சூட்டைத் தடுக்கும் பாதுகாப்பு என்று இன்னொன்று எழுதியிருப்பார்கள். அது போர்வையில் உள்ள கம்பி எல்லை மீறிச் சூடானால் துண்டிப்பது. எல்லை மீறாத சூடே நேரம் நீண்டால் நம் தோலுக்குக் காயம் என்பதுதான் மேலே சொன்ன கணக்கு. இரண்டும் இருக்கும் போர்வையைத்தான் வாங்க வேண்டும், சந்தேகமில்லை, ஆனால் அவற்றை நம்பி உள்ளே படுத்துவிடக் கூடாது.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளைத் தயவுசெய்து படியுங்கள். மின்சாரப் போர்வைகளுக்கென்று ஐஇசி 60335-2-17 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. சூட்டை உணர முடியாதவர்களும், அதிகம் சூடானால் எதுவும் செய்ய முடியாத நிலையில் உள்ளவர்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை அந்தத் தரத்தின்படி கட்டாயம் இருக்க வேண்டும். வழக்கு வராமலிருக்க எழுதிய சம்பிரதாய வரி என்று அதைத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வரி நம்மைப் பற்றியது, நமக்காகவே எழுதப்பட்டது.

நான் பயன்படுத்தும் முறை இதுதான். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால், காலி மெத்தையின் மேல் போர்வையை மடிப்பே இல்லாமல் விரித்து, அதன் மேல் சாதாரணப் போர்வையை மூடி, நடுத்தரச் சூட்டில் வைக்கச் சொல்வேன். அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் வைத்துப் பெரிய லாபம் இல்லை. அப்புறம் கன்ட்ரோலரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, மின்சாரப் போர்வையை முழுவதுமாக எடுத்துவிட்டு, விரிப்பின் மேல் முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். யார் பார்க்கிறாரோ அவருக்கு அங்கே நல்ல உணர்வு இருக்க வேண்டும். எனக்குத் தோளும் கையும் நன்றாக உணரும் என்பதால் வீல்சேரில் பக்கத்தில் போய் நானே கால் வைக்கும் இடம் வரை தடவிப் பார்ப்பேன், உதவிக்கு இருப்பவர் "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொன்னாலும் கூட. இளஞ்சூடாக இருந்தால் ஏறலாம். சூடு தூக்கலாகத் தெரிந்தால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், முக்கியமாக உடம்பு வடிவத்துக்கு அமுங்கிக்கொடுக்கும் ஃபோம் மெத்தையாக இருந்தால், அது சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறிப் படுத்த பிறகு சாதாரணப் போர்வைகள் அந்தச் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, ராத்திரி முழுக்க நிம்மதி.

இந்த முறைக்கு மேலே போர்த்தும் வகைதான் ஒத்துவருகிறது, இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடைகளில் அடியில் கட்டும் வகையைத்தான் "நீண்ட நேரத்துக்கு ஏற்றது" என்று சிபாரிசு செய்வார்கள். அதை அணைத்த பிறகும் எடுக்க முடியாது, நாம் அதன் மேலேயே படுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பியும், கெட்டியான அந்த இணைப்பும் இடுப்புக்கோ குதிகாலுக்கோ அடியில் வந்தால் அதுவே படுக்கைப்புண்ணுக்குக் காரணமாகிவிடும். படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று அடைத்த மெத்தை போட்டிருப்பவர்கள் அடியில் கட்டும் வகையை நினைத்தே பார்க்க வேண்டாம். மெத்தை அழுத்தத்தைப் பகிர்ந்து கொடுப்பதை நடுவில் இன்னொரு தடித்த அடுக்கு கெடுத்துவிடும், சூடு மெத்தையின் பொருளையும் பாழாக்கலாம். மேலே விரித்துச் சூடாக்குவதற்குக் கூட மெத்தைக் கம்பெனியின் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். தலைப்பக்கம், கால்பக்கம் தூக்கும் மருத்துவமனைக் கட்டிலாக இருந்தால், போர்வையோ ஒயரோ அந்த மடியும் இடத்தில் சிக்கி நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கம்பி உள்ளுக்குள் ஒடிந்தால் அந்த ஒரு இடம் மட்டும் தகிக்கும். வீல்சேர் சக்கரம் ஒயர் மேல் ஏறுவதும் அதே அபாயம்தான்.

ஈரம் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். நம்மில் பலருக்குச் சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர் இருக்கிறது, அது ராத்திரியில் கசியும், பை நிரம்பி வழியும், சில நாள் டயபர் தாங்காது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் போர்வையும் ஈரமும் ஒன்றுசேரக் கூடாது. நாம் படுக்கும் முன்பே அதை எடுத்துவிட வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். 12 அல்லது 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் வகைகளும் இருக்கின்றன, மின் அதிர்ச்சிக்கு அவை எவ்வளவோ மேல். ஆனால் காயம் படும் விஷயத்தில் வோல்ட் குறைவு என்பதற்கு அர்த்தமே இல்லை, சூடு சூடுதான். மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருந்தால் இணைப்பைக் கழற்றிவிட்டுத் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மறுபடி மாட்ட வேண்டும்.

கன்ட்ரோலர்களைப் பொறுத்தவரை எனக்கு ஏமாற்றம். விரல் சரியாக மடங்காத, கழுத்துப் பகுதியில் அடிபட்ட நண்பர்கள் அந்தக் குட்டிப் பொத்தானை அழுத்துவது பெரிய பாடு. தள்ளும் வகை சுவிட்சைக் கை முட்டியால் நகர்த்திவிடலாம், ஆனால் அதில் வேறு சிக்கல், மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் விட்ட இடத்திலிருந்தே மறுபடி சூடாக ஆரம்பிக்கும். எலெக்ட்ரானிக் பொத்தான் வகைகளில் பெரும்பாலானவை மின்சாரம் திரும்பினாலும் அணைந்தே இருக்கும். வாங்கியதும் பிளக்கைப் பிடுங்கி மாட்டி இதைச் சோதித்துப் பாருங்கள். அணைந்தே இருப்பதைத்தான் நான் வாங்கச் சொல்வேன்.

உணர்வு நன்றாக இருந்து அசைவு மட்டும் இல்லாதவர்களுக்கு, உதாரணமாகப் போலியோவால் கால் பாதித்தவர்களுக்கு, கதை கொஞ்சம் வேறு. சுடுவது தெரியும், ஆனால் தள்ளிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. கன்ட்ரோலர் கைக்கு எட்ட வேண்டும், அல்லது கூப்பிட்டால் எழுந்து வரும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் ஒரு பக்கம் நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடுவார்கள், பாதித்த பக்கத்தில் சூடு தெரிகிறதா என்பதை ஃபிசியோதெரபிஸ்ட்டோ மருத்துவரோ சோதித்துச் சொன்ன பிறகே முடிவு செய்ய வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற மூளை, தண்டுவட நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடம்பு சூடானாலே பலவீனமும் பார்வை மங்கலும் கூடுவது உண்டு. வில்ஹெல்ம் ஊதாஃப் என்ற கண் மருத்துவர் 1890-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். வலிக்காக ஃபென்டனில் பட்டை தோலில் ஒட்டியிருப்பவர்கள் அந்த இடத்தில் எந்தச் சூடும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்பில் இறங்கி மூச்சையே அடக்கிவிடும். பாரஃபின் கலந்த களிம்பு தடவுகிறவர்கள் துணியில் அது ஊறினால் எளிதில் தீப்பற்றும் என்பதையும், ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் அதன் பக்கத்தில் இந்தப் பொருளே ஆகாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை நம் ஆட்களே சரியாகப் பேசுவதில்லை. கால் குளிர்கிறது என்று தோன்றுவதெல்லாம் குளிர் அல்ல. அடிபட்ட நரம்பு, கால் பனிக்கட்டியில் இருப்பதுபோல ஒரு பொய்ச் செய்தியை அனுப்பும். கையால் தொட்டுப் பார்த்தால் கால் வெதுவெதுப்பாக இருக்கும். இதற்கு எவ்வளவு சூடு கொடுத்தாலும் அந்தக் குளிர் தீராது, தீரவில்லையே என்று சூட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், அங்கேதான் ஆபத்து. சூட்டைத் தேடும் முன் காலைத் தொட்டுப் பாருங்கள், தெர்மாமீட்டர் வைத்து உடம்புச் சூட்டையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் குளிர்கிறது என்றால் அது நரம்பு வலிக்கான மருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். உண்மையிலேயே உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் அதுவும் மருத்துவரிடம் போக வேண்டியதுதான், போர்வையால் சமாளிக்கும் விஷயம் இல்லை.

சூடான படுக்கையில் படுத்த மறுநாள் காலையில் தோலைப் பார்த்தே ஆக வேண்டும். குதிகால், கணுக்கால், முழங்காலின் உள்பக்கம், பிட்டம், வால் எலும்பு, நீளக் கைப்பிடிக் கண்ணாடி இருந்தால் நாமே பார்த்துவிடலாம். சிவப்பைத் தேடுங்கள் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது, கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் கருமையாகவோ ஊதாவாகவோ பளபளப்பாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். காயம் பட்டுவிட்டது என்று உடனே தெரிந்தால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் அந்த இடத்தில் மட்டும் ஓடவிட வேண்டும், மற்ற உடம்பை நன்றாகப் போர்த்தி வைத்துக்கொண்டு. ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். வலிக்கவில்லை என்பதால் சின்னக் காயம் என்று முடிவு கட்டாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இந்தக் காயம் தோலோடு நிற்காது. கீழே வெந்துகொண்டிருப்பதை நாம் உணராவிட்டாலும் உடம்பு உணர்ந்து இரத்த அழுத்தத்தை எகிற வைக்கும், ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்று பெயர். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து சூடாவது, அடிபட்ட மட்டத்துக்கு மேலே வியர்ப்பது, இதெல்லாம் அதன் அறிகுறி. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கதீட்டர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, தோலில் எங்காவது காயமா என்று தேட வேண்டும். காரணம் கிடைக்காமல் அழுத்தம் இறங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ். பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடிய அவசரம் இது.

மின்சாரப் போர்வை வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்கள் அதற்குப் பதிலாக வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், அது இதைவிட மோசம், ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஒழுகினால் கேட்கவே வேண்டாம். கார் இருக்கைச் சூட்டையும், மடியில் வைக்கும் லேப்டாப்பையும், காலுக்கு நேராகத் திருப்பி வைத்த ஹீட்டரையும் அதே பட்டியலில் சேருங்கள். அறையைச் சூடாக்குவதுதான் நல்லது. அதோடு ஒரு தடித்த போர்வைக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய போர்வைகள், பட்டை இறுக்காத, தையல் உறுத்தாத கம்பளிச் சாக்ஸ், தலைக்கு ஒரு குல்லா. தலையும் கழுத்தும் நமக்கு நன்றாக உணரும் இடங்கள், அங்கே சூடு சேர்ந்தால் மொத்த உடம்பும் தேறியதுபோல இருக்கும்.

மொத்தத்தில் படுக்கையைச் சூடாக்கும் வேலைக்கு மேலே போர்த்தும் வகைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், கன்ட்ரோலருக்காக ஒன்றைக் குறைக்கிறேன். அடியில் கட்டும் வகைக்கு நமக்கான மதிப்பெண் எதுவும் இல்லை. பழையதை யாராவது அன்போடு கொடுத்தாலும் வாங்காதீர்கள், எப்படி மடித்து வைத்திருந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. வைக்கும்போது இறுக்கி மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, மேலே கனம் எதுவும் ஏற்றாமல் வையுங்கள், ஊக்கு குத்தாதீர்கள், கம்பி தெரிந்தாலோ கருகிய அடையாளம் இருந்தாலோ தூக்கிப் போடுங்கள், எதுவும் இல்லாவிட்டாலும் 10 வருடத்தில் மாற்றிவிடுங்கள்.